சிரில் இஞ்ச்

தொடர்ந்து நாலு சனிக்கிழமை ஜெயித்த பிறகு ஹெட்லி ஆஸ்க்ராஃப்டுக்குச் சாப்பாடு சரியாக இறங்கவில்லை.

ஜெயித்தவர் சிரித்துக்கொண்டு திரிய வேண்டும். ஆனால் ஐம்பது வருஷமாக ஒரே ஆளோடு ஒரே மேசையில் சண்டை போட்டவருக்குத் தன் நிலவரம் தெரியாதா? மோரிஸ் கிளவரோடு மூன்று ஆட்டம் ஆடினால் இரண்டில் மோரிஸ்தான் ஜெயிப்பார். அப்படிப்பட்டவர் நாலு வாரம் வரிசையாகத் தோற்றுவிட்டு, "நல்லா ஆடின, வாத்தே" என்று கை குலுக்கிவிட்டுப் போனால் அதில் என்னவோ இருக்கிறது.

அந்தச் சனிக்கிழமை காலையில், முட்டையைத் தட்டில் ஒதுக்கி வைத்துவிட்டு, ஹெட்லி மனைவியிடம் கேட்டார்.

"நீ மோரிஸ்கிட்ட ஏதாச்சும் சொன்னியா?"

"எதப் பத்தி வாத்தே?" என்றாள் க்ளெண்டா. இங்கிலாந்தில், ட்ரெண்ட் ஆற்றங்கரை நியூவார்க்கில் புருஷனும் பெண்டாட்டியும் செல்லமாக அப்படித்தான் கூப்பிட்டுக்கொள்வார்கள், பஸ் ஓட்டுகிறவரும் கடைக்காரரும் அப்படித்தான். எல்லாருக்கும் எல்லாரும் வாத்து.

"எதப் பத்தின்னு உனக்குத் தெரியும்."

தெரியும். அவர் வலது கை அப்போதும் மேசைக்கடியில், தொடைக்கும் நாற்காலிக்கும் நடுவில் அழுத்தி வைக்கப்பட்டிருந்தது. பிப்ரவரி மாதம் ஆஸ்பத்திரியில் ஒரு டாக்டரம்மா அந்தக் கையைப் பிடித்துப் பார்த்து, நடக்கச் சொல்லிப் பார்த்து, அந்த நடுக்கத்துக்குப் பார்க்கின்சன்ஸ் என்று பெயர் சொல்லி அனுப்பினார்கள். வெளியே வந்ததும் ஹெட்லி சொன்ன முதல் வார்த்தை, "கிளப்புல யாருக்கும் தெரியக் கூடாது" என்பதுதான். மகளுக்கு எப்போது சொல்வது என்றுகூட அப்புறம்தான் யோசித்தார்.

"மோரிஸோட தங்கச்சி உன்கூடத்தானே கோயில்ல பூ வைக்குது? வாய் தவறி வந்திருக்கும்."

க்ளெண்டா தேநீர்க் கெட்டிலைக் கீழே வைத்தாள். அவளுக்குக் கோபம் வந்தால் குரல் இன்னும் மெதுவாகும்.

"ஒருத்தர்கிட்ட மட்டும்தான் சொல்லியிருக்கேன் ஹெட்லி. தினமும் முழங்கால் போட்டுச் சொல்றேன். அவரு வம்பு பேசுற ஆளு இல்ல."

ஹெட்லி வாயை மூடிக்கொண்டார். ஆனால் சந்தேகம் மூடவில்லை. மனிதருக்கு வாய் அடங்கினால் மனசும் அடங்கும் என்று ஆண்டவர் வைக்கவில்லையே.

*

ஒன்பது வயசில் அவருக்கு வந்த வியாதி இது. கை நடுக்கம் இல்லை, பொம்மைச் சிப்பாய். அப்பா ஒரு பெட்டி பிளாஸ்டிக் சிப்பாய் வாங்கி வந்தார். ஹெட்லி சமையலறைத் தரையில் வயிற்றைப் போட்டுப் படுத்து, கன்னத்தைத் தரையோடு ஒட்டி வைத்து ஒரு கண்ணால் பார்ப்பார். அப்படிப் பார்த்தால் சிப்பாய் ஆள் உயரம் தெரிவான். அம்மா அவரைத் தாண்டித் தாண்டி உருளைக்கிழங்கு உரிப்பாள். அந்த வயசில் விதி ஒன்றும் கிடையாது. கோலிக்குண்டை உருட்ட வேண்டும், விழுந்தவன் செத்தான்.

பதினாலு வயசில் மோரிஸ் வந்தார், விதியும் வந்தது. பள்ளிக்கூடத்தில் பக்கத்து பெஞ்ச். மோரிஸ் ஒரு நோட்டுப் புத்தகம் நிறைய எழுதி வைத்திருந்தார். காலாள் ஆறு அங்குலம் நடப்பான், குதிரை எட்டு அங்குலம் போகும், துப்பாக்கிக்காரன் சுட்டால் இத்தனை பகடை, அஞ்சோ ஆறோ விழுந்தால் எதிராளி செத்தான். அன்றிலிருந்து சாவதற்குக்கூட அளந்துதான் சாக வேண்டியிருந்தது. இங்கிலாந்து ராஜாவுக்கும் பார்லிமெண்டுக்கும் முந்தி ஒரு காலத்தில் நடந்த சண்டைதான் அவர்கள் ஆட்டம். நியூவார்க் ராஜா கட்சி ஊர் என்பதால் ராஜா படை தனக்குத்தான் என்று ஹெட்லி முதல் நாளே பிடித்துக்கொண்டார். மோரிஸ் பார்லிமெண்ட் படை. "உன் ராஜாவுக்குத் தலையே போச்சு, ஞாபகம் இருக்கட்டும்" என்பது மோரிஸ் ஐம்பது வருஷமாகச் சொல்லும் பேச்சு.

மேசை வேண்டுமே. இரண்டு பேரும் மெதடிஸ்ட் கோயில் கூடத்தைக் கேட்டுப் போனார்கள். கோயில் மூப்பர் சிரில் ஹோப்வெல் கண்ணாடியைக் கீழே இறக்கி அவர்களைப் பார்த்தார். மெதடிஸ்ட் சபையில் சூதின் வாசனைகூட ஆகாது.

"பகடையா? கோயில் கூடத்துக்குள்ளேயா?"

"ஐயா, காசு வைக்கமாட்டோம்" என்றார் மோரிஸ். "கொல்ல மட்டும்தான் செய்வோம்."

சிரிலுக்குச் சிரிப்பு வந்ததா கோபம் வந்ததா என்று தெரியவில்லை. கூடம் கிடைத்தது. ஆனால் அவர் நம்பவில்லை. மூன்று சனிக்கிழமை மூலையில் நாற்காலி போட்டு, கையைக் கட்டிக்கொண்டு, எங்கே சூது நடக்கிறது என்று காவல் இருந்தார். நாலாவது சனிக்கிழமை, "அந்தக் குதிரை எட்டு இஞ்ச் வரலியே தம்பி, ஏழே முக்கால்தான் வருது" என்று எழுந்து வந்தார். அப்புறம் அவர் வாழ்நாள் முழுக்க உட்காரவே இல்லை.

கல்யாணத்துக்குப் பிறகு சந்தேகப்படுவது க்ளெண்டாவின் முறை ஆயிற்று. சனிக்கிழமை ஆனால் புருஷன் காணாமல் போகிறார். திரும்பி வரும்போது சட்டைக் கையில் சிவப்புச் சிவப்பாகக் கறை. உதட்டுச் சாயம் என்றே அவள் முடிவு கட்டிவிட்டாள். ஒருநாள் குடையைப் பிடித்துக்கொண்டு பின்னாலேயே போய், கூடத்து ஜன்னலில் எட்டிப் பார்த்தாள். உள்ளே ஒன்பது வளர்ந்த ஆண்கள் நாலு காலில் மேசைக்கடியில் டார்ச் அடித்துத் தேடிக்கொண்டிருந்தார்கள். விழுந்தது ஒரு தமுக்குக்காரனின் கை. அரிசி அளவு இருக்கும். க்ளெண்டா ஜன்னலுக்கு வெளியே மழையில் நின்றபடியே ஆண்டவருக்கு ஸ்தோத்திரம் சொன்னாள். சிவப்புக் கறை சிப்பாய்ச் சட்டைக்கு அடிக்கிற பெயிண்ட்.

மகள் பிறந்ததும் படை மச்சுக்கு ஏறிவிட்டது. பேரிங் தொழிற்சாலையில் ஷிஃப்ட், வீட்டில் குழந்தை. பதினொரு வருஷம் சிப்பாய்கள் பெட்டிக்குள் பழைய செய்தித்தாளில் சுருண்டு கிடந்தார்கள். அந்த வருஷங்களில் ஹெட்லி ஆடியது சாப்பாட்டுத் தட்டில்தான். பட்டாணியை இரண்டு வரிசையாக நிறுத்துவார், பீன்ஸைப் பக்கவாட்டில் கொண்டுவருவார். மகள் ஜோசி ஒரு ஸ்பூனில் வலதுபக்கப் படையை அப்படியே அள்ளித் தின்றுவிடுவாள்.

ஹெட்லிக்கு நாற்பத்து நாலு வயசாகும்போது ஜோசி வெளியூருக்குப் படிக்கப் போனாள். அவள் கட்டில் சூடு ஆறுமுன் அந்த அறையில் பெயிண்ட் டப்பாக்கள் ஏறின. அப்போதுதான் ஆட்டத்தைவிட வர்ணம் தீட்டுவது பெரிய ருசியாயிற்று. கட்டைவிரல் நுனி அளவு ஈயச் சிப்பாய்; அதற்கு முகம், முகத்தில் கண், கண்ணில் ஒரு புள்ளி. கண் வைக்கும்போது மூச்சு விடக்கூடாது. ஹெட்லி மூச்சைப் பிடித்துக்கொண்டு மனசுக்குள்ளே "எங்கள் பிதாவே" சொல்வார். ஆமென் வருவதற்குள் இரண்டு கண்ணும் முடிந்திருக்கும். அப்படி எத்தனை ஆயிரம் முறை சொன்னாரோ. கோயிலில் சொன்னதைவிட அந்த விளக்கடியில் சொன்னதுதான் அதிகம்.

அறுபதுக்கு மேல், வேலையிலிருந்து நின்ற பிறகு, ஆட்டம் குறைந்து பேச்சு கூடியது. ஒரு சண்டை முடிய நாலு மணி நேரம் ஆகும். அதில் ஒரு மணி நேரம் ஒன்றுக்குப் போகிறதும் வருகிறதும். ஆனால் மோரிஸின் டேப் மட்டும் தளரவில்லை. தையற்காரர் மாதிரிக் கழுத்தில் தொங்கும். எதிராளி நகர்த்தினால் குனிந்து, மூக்கு சிப்பாயை உரசும்படி அளப்பார். "அரைக்கால் இஞ்ச் கூட இருக்கு. பின்னாடி வை." கூடத்தில் அவருக்கு டேப்வாயன் என்று பெயர்.

*

சிரில் இஞ்ச் என்றால் என்ன என்பதை இங்கே சொல்லிவிட வேண்டும். ஹெட்லியின் சந்தேகமெல்லாம் அதைப் பற்றித்தான்.

எண்பத்து நாலாவது வயசில் சிரிலுக்கு ஞாபகம் கலைய ஆரம்பித்தது. தன் படை எது என்று மறந்துபோய் எதிராளி குதிரையை நகர்த்துவார். பகடையை உருட்டிவிட்டு எதற்கு உருட்டினேன் என்று கேட்பார். தோற்றால் கண் கலங்குவார். ஹெட்லியும் மோரிஸும் கூடிப் பேசி ஒரு ஏற்பாடு செய்தார்கள். சிரிலின் காலாள் ஆறு அங்குலம் நடக்க வேண்டும் என்றால் ஒன்பது நடக்க விடுவது. அவருடைய ரெண்டை அஞ்சு என்று வாசிப்பது. தங்கள் பீரங்கியைச் சுட மறந்துவிடுவது. டேப்வாயனே டேப்பைத் தளர்த்திப் பிடித்து, "சரியா இருக்கு சிரில் ஐயா" என்பார். அந்த நீட்டிய அளவுக்குத்தான் சிரில் இஞ்ச் என்று பெயர்.

ஒரு வருஷம் சிரில் எல்லா ஆட்டமும் ஜெயித்தார். வாசலைத் தாண்டும்போது சின்னப் பிள்ளை மாதிரி நடப்பார். இதில் தப்பு என்ன என்றுதான் எல்லாரும் நினைத்தார்கள்.

ஒருநாள் தேநீர் அண்டா பக்கத்தில் நின்று ஹெட்லி சிரித்தார். "இன்னிக்கு எத்தன சிரில் இஞ்ச் குடுத்த?" என்று மோரிஸிடம் கேட்டார். மோரிஸ் விரல் விட்டுக் காட்டினார். திரும்பினால், சமையலறை வாசலில் சிரில் காலிக் கோப்பையோடு நிற்கிறார். அவர் காதில் விழுந்ததா, விழுந்தாலும் புரிந்ததா என்று இன்றுவரை தெரியாது. "இன்னொரு கோப்பை கிடைக்குமா வாத்தே?" என்றுதான் கேட்டார். ஆனால் அடுத்த சனிக்கிழமை அவர் வரவில்லை. அதற்கடுத்ததும் வரவில்லை. குளிர்காலத்தில் போய்ச் சேர்ந்தார்.

ஹெட்லி அந்தக் கோப்பையை மறக்கவில்லை. எத்தனையோ முறை அதற்காக ஆண்டவரிடம் மன்னிப்புக் கேட்டிருக்கிறார். அதனால்தான் ஆஸ்பத்திரி வாசலில், யாருக்கும் தெரியக்கூடாது என்று அவர் சொன்னது. நோயைவிட அந்த இரக்கத்துக்குத்தான் அவருக்குப் பயம். எனக்கு ஒரு சிரில் இஞ்ச் விழுந்தது என்று தெரிந்த நாளே கடைசி நாள், அப்புறம் அந்தக் கூடத்துப் படி ஏறமாட்டேன் என்று மனசுக்குள் உறுதி செய்துகொண்டார். ஒன்பது வயசிலிருந்து இருக்கிற ஒன்றை அப்படி வெட்டிப் போட முடியுமா?

இப்போது அடையாளங்களைச் சேர்த்துப் பாருங்கள்.

மோரிஸ் கழுத்தில் டேப் இல்லை. ஏப்ரலிலிருந்து அது பைக்குள் கிடக்கிறது. ஹெட்லி நகர்த்தினால் தலையை ஆட்டுகிறார், குனிவதில்லை.

கையால் முகம் தீட்ட முடியாமல் போனதும், இலங்கையில் இதற்கென்றே பட்டறை இருக்கிறது என்று கேள்விப்பட்டு, ஹெட்லி நாற்பது சிப்பாய்களை ரகசியமாக அங்கே அனுப்பித் தீட்டி வாங்கினார். தன் கைவேலை என்று மேசையில் வைத்தார். அந்த வேலை அவருடையதைவிட நாலு மடங்கு நேர்த்தி. பார்த்த உடனே மோரிஸ் பிடித்துவிடுவார் என்று நடுங்கிக்கொண்டிருந்தார். மோரிஸோ ஒன்றைக் கையில் எடுத்து, "கண்ணெல்லாம் வழக்கம் போல வச்சிருக்க" என்று சொல்லி வைத்துவிட்டார். ஒரு குறை இல்லை, ஒரு குத்தல் இல்லை.

அப்புறம் டாரில். நாற்பது வயசு, பக்கத்து மேசையில் விண்வெளிப் பிசாசுகளை வைத்து ஆடுகிறவன். மோரிஸுக்கும் அவனுக்கும் ஆகவே ஆகாது. "உன் பிசாசுக்கு எத்தன கொம்பு இந்த வாரம்?" என்று கேட்டு வம்பிழுப்பார். இப்போது இரண்டு பேரும் ஒரே காரில் வந்து இறங்குகிறார்கள். கேட்டால், "என் வண்டி ரிப்பேர்" என்கிறார் மோரிஸ். இரண்டு மாதமாகவா ரிப்பேர்? ஹெட்லி உள்ளே நுழைந்தால் குசுகுசுப்பு நின்றுவிடுகிறது. தேநீர் அண்டா பக்கத்தில்தான் அந்தக் குசுகுசுப்பும்.

குசுகுசுப்பு எதைப் பற்றி என்று ஹெட்லிக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை. அதே இடத்தில் நின்று அதே குரலில் அவரும் பேசியிருக்கிறார்.

*

அன்று மதியம் ஹெட்லி ஒரு பரீட்சை வைக்க முடிவு செய்துதான் போனார்.

பச்சை விரிப்பின்மேல் ஒரு குன்று, ஒரு வேலி, ஒரு தேவாலயம். குன்றுக்கு இடதுபக்கம் மோரிஸின் மூன்று பீரங்கிகள். ஹெட்லியின் ராஜா குதிரைப்படை வேலிக்குப் பின்னால். இடையில் பத்தரை அங்குலம். குதிரை எட்டுதான் போகும். நியாயப்படி இன்னும் ஒரு முறை பீரங்கிக்கு நெஞ்சைக் காட்டிவிட்டுத்தான் போய் முட்ட முடியும்.

ஹெட்லி டேப்பை நீட்டினார். இடது கையால் வலது மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். "எட்டு" என்று உரக்கச் சொன்னார். சொல்லிவிட்டுக் குதிரைகளைக் கொண்டுபோய்ப் பத்தரையில், பீரங்கியின் விலாவோடு ஒட்டி வைத்தார்.

சின்னக் குழந்தைக்குக்கூடத் தெரியும். அத்தனை பெரிய பொய்.

மோரிஸ் முன்னால் சாய்ந்தார். பார்த்தார். தலையைக் கொஞ்சம் சாய்த்து இன்னொரு முறை பார்த்தார்.

"எட்டு" என்றார். "சரி. உருட்டு."

ஹெட்லி டேப்பை மேசையில் வைத்தார். பகடையை எடுக்கவில்லை.

"மோரிஸ். இது சிரில் இஞ்ச்."

பக்கத்து மேசையில் பேச்சு நின்றது. அந்த வார்த்தையைப் பத்துப் பன்னிரண்டு வருஷமாக அந்தக் கூடத்தில் யாரும் உரக்கச் சொன்னது கிடையாது.

"என்ன உளர்ற?"

"ரெண்டரை இஞ்ச் திருடியிருக்கேன். உன் மூக்குக்கு முன்னாடி. டேப்வாயன் சரின்னு சொல்ற. நாலு வாரமா சரின்னு சொல்ற. எனக்குப் பிச்சை போடுறியாடா?"

"டேய், மெதுவாப் பேசு."

"யாரு சொன்னா உனக்கு? க்ளெண்டாவா? உன் தங்கச்சியா? எனக்குப் பார்க்கின்சன்ஸ்னு யாரு வந்து உங்கிட்ட ஊதினா?"

மோரிஸ் நிமிர்ந்தார்.

"உனக்கு என்னது?"

அந்த முகத்தைப் பார்த்ததும் ஹெட்லிக்கு விளங்கிவிட்டது. ஐம்பது வருஷமாக எதிரில் பார்த்த முகம். அது நடித்தால் அவருக்குத் தெரியும். மோரிஸுக்கு ஒன்றும் தெரியாது. யாரும் சொல்லவில்லை. சொன்னது இப்போது ஹெட்லிதான், கூடம் முழுக்கக் கேட்கிற மாதிரி.

"பார்க்கின்சன்ஸ்" என்றார் மறுபடியும், இந்த முறை மெதுவாக. "பிப்ரவரியிலேருந்து."

"நாசமாப் போச்சு" என்றார் மோரிஸ். கோயில் கூடம் என்பது அப்புறம்தான் ஞாபகம் வந்து, "ஆண்டவரே மன்னியும்" என்று சேர்த்துக்கொண்டார்.

"அப்ப எதுக்குடா எட்டுன்னு சொன்ன?"

மோரிஸ் டாரிலின் பக்கம் திரும்பினார். டாரில் தன் பிசாசு ஒன்றைக் கையில் வைத்து உருட்டிக்கொண்டே, "சொல்லிருங்க மோரிஸ். நான் எத்தன நாளுதான் டிரைவர் வேலை பாக்குறது" என்றான்.

"கண்ணு தெரியலடா கழுதை" என்றார் மோரிஸ். "ரெண்டு கண்ணுலயும் நடுவுல கட்டைவிரல வச்சு அமுக்கின மாதிரி ஒரு இருட்டு. ஓரம் தெரியுது. நீ நிக்கிறது தெரியுது. உன் மூஞ்சி இருக்கிற எடத்துல ஒண்ணும் இல்ல. நம்பர் தெரியல. வண்டி ஓட்டக்கூடாதுன்னு லைசென்ஸ திருப்பிக் குடுக்கச் சொல்லிட்டாங்க."

"எப்பத்திலேருந்து?"

"குளிர் முடியும்போதே ஆரம்பிச்சுது. டேப்புல கோடு தெரியல. அதான் பையில போட்டுட்டேன்."

"எங்கிட்ட ஏன் சொல்லல?"

"நீ ஏன் சொல்லல?"

பதிலையும் மோரிஸே சொன்னார்.

"சொன்னா நீ எனக்கு அதத்தான் குடுப்ப. சிரிலுக்குக் குடுத்தத. உன்னத் தெரியாதா எனக்கு? இளகின மனசு."

"அப்ப என் சிப்பாய்ங்க? கண்ணெல்லாம் வழக்கம் போலன்னு சொன்னியே?"

"கலர் கலரா நாப்பது குச்சி நின்னுச்சு. வேற என்ன சொல்றது?"

டாரில் சிரித்துவிட்டான். "அது இலங்கை வேலைங்க. பாத்தவுடனே தெரியுது. நான்தான் சொல்லக்கூடாதுன்னு வாய மூடிக்கிட்டிருந்தேன்."

"நீ உன் பிசாசப் பாரு" என்றார்கள் இரண்டு பேரும் ஒரே குரலில்.

இத்தோடு முடிந்திருந்தால் ஹெட்லி நிம்மதியாக வீட்டுக்குப் போயிருப்பார். இரண்டு பேரும் ஆளுக்கொரு பிஸ்கட் எடுத்துக் கடித்தார்கள். மோரிஸ் மென்றுகொண்டே எதையோ யோசித்தார். மெல்லுவது நின்றது.

"ஹெட்லி."

"ம்."

"ரெண்டரை இஞ்ச் திருடினன்னு சொன்ன."

"உன்ன சோதிக்க."

"இன்னிக்கு."

"இன்னிக்குத்தான்."

"போன வாரம்? உன் ஈட்டிக்காரன் பாலத்தைத் தாண்டி வந்தானே, அது ஆறு இஞ்ச்தானா? அதுக்கு முந்தின வாரம் வரிசையா நாலு ஆறு விழுந்துச்சுன்னு நீதானே வாசிச்ச? எனக்குத் தெரியலையே. நீ சொன்னத நான் நம்பினேன்."

"விழுந்துச்சுடா!"

"விழுந்திருக்கும். விழாமலும் இருந்திருக்கும். கண்ணு தெரியாதவன்கிட்ட நாலு ஆட்டம் ஜெயிச்சிருக்க. அஞ்சாவதுல நானே பிடிச்சேன்னா..."

"நீ எங்கடா பிடிச்ச? நான்தானே சொன்னேன்!"

"திருடினவன் சொல்றான்."

ஹெட்லியின் முகம் காது வரை சிவந்தது. கை மறைவிலிருந்து வெளியே வந்து, மேசை விளிம்பில் தந்தி அடித்தது. மறைக்க அவருக்கு இப்போது நேரம் இல்லை. பிச்சை வாங்குகிறேன் என்று பயந்து வந்தவர், கண் தெரியாதவனை ஏமாற்றியவராக நிற்கிறார். அந்தச் சோதனை அவர் தலையிலேயே விடிந்தது. கூடத்தில் இருந்த ஏழெட்டுப் பேரும் தேநீர்க் கோப்பையோடு அவரையே பார்த்தார்கள். ஒவ்வொருவர் கண்ணிலும் கொஞ்சம் கொஞ்சம் அந்தச் சந்தேகம் இருந்தது.

"கோயில் கூடத்துல நின்னு சொல்றேன்" என்றார் ஹெட்லி. "நாலு ஆட்டமும் நேர்மை. இன்னிக்கு ரெண்டரை இஞ்ச் பொய். ஆண்டவருக்குத் தெரியும்."

மோரிஸ் தலையைத் திருப்பினார். அவர் பார்வை ஹெட்லியின் முகத்தில் படாமல் காதுக்குப் பக்கத்தில் எங்கேயோ இருந்தது. ஓரக் கண்ணால் பார்க்கிறார் என்று ஹெட்லிக்கு இப்போது புரிந்தது.

"அவருக்குத் தெரியும், சரி" என்றார் மோரிஸ். "எனக்குத் தெரியணும்ல? பின்னாடி வை."

"என்னது?"

"குதிரைய. எட்டுலே வை. ஆட்டம் முடியல. டாரில், நீ வந்து டேப்பப் பிடி. பகடைய நீ வாசி."

"எனக்கு உங்க ராஜாவும் தெரியாது பார்லிமெண்டும் தெரியாது."

"எண்ணத் தெரியும்ல? வா."

ஹெட்லி குனிந்தார். பன்னிரண்டு குதிரை. ஒவ்வொன்றாகத் தூக்கிப் பின்னால் வைக்க வேண்டும். முதல் குதிரை சரிந்து பக்கத்துக் குதிரையைத் தள்ளியது, அது வேலியைத் தள்ளியது. யாரோ ஒருவர் உதவிக்குக் கையை நீட்டினார்.

"தொடாதே" என்றார் மோரிஸ். அவருக்குக் கை நீண்டது தெரிந்திருக்கிறது. "அடுத்தவன் சிப்பாயக் கேக்காமத் தொடுற வழக்கம் எப்ப வந்துச்சு இங்க? அவனே வைப்பான். எனக்கு அவசரம் இல்ல."

ஏழு நிமிஷம் ஆயிற்று. மோரிஸ் விரலால் மேசையைத் தட்டிக்கொண்டே, "பாட்டியம்மா குதிரை" என்று ஒரு முறை முணுமுணுத்தார். பன்னிரண்டாவது குதிரை நின்றதும் டாரில் அளந்து, "எட்டு" என்றான்.

"நிஜ எட்டா?"

"நிஜ எட்டு."

"அப்ப சுடறேன்" என்றார் மோரிஸ்.

மூன்று பீரங்கி, ஆறு பகடை. கொட்டினார். டாரில் குனிந்து வாசித்தான். "அஞ்சு, ஆறு, ரெண்டு, ஆறு, அஞ்சு, அஞ்சு."

அஞ்சு குதிரை செத்தது. மிச்சப் படை கலைந்து வேலிக்குப் பின்னால் ஓட வேண்டும் என்பது விதி. அதற்குள் ஹெட்லி மேசை மேல் பாதி உடம்பைச் சாய்த்துப் பகடைகளை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்ன, நம்பிக்கை இல்லையா?" என்றான் டாரில்.

"நீ அவர் கார் டிரைவர்" என்றார் ஹெட்லி.

மோரிஸ் வாய் விட்டுச் சிரித்தார். மாசக் கணக்கில் அந்தச் சிரிப்பைக் கேட்கவில்லை என்பது அப்போதுதான் ஹெட்லிக்கு உறைத்தது.

அஞ்சு மணிக்கு, ஞாயிறு ஆராதனைக்கு நாற்காலி போட வேண்டிய நேரத்தில், ராஜா படை மேசையின் மூலையில் ஒதுங்கிக் கிடந்தது. கை குலுக்கும்போது மோரிஸின் கையில் ஹெட்லியின் கை துள்ளியது. மோரிஸ் அதை இறுக்கிப் பிடித்து நிறுத்தப் பார்க்கவில்லை. துள்ளட்டும் என்று விட்டுவிட்டார்.

"அடுத்த வாரம்?" என்றார் மோரிஸ்.

"வருவேன். என் டேப்பு, உன் டேப்பு இல்ல."

வீட்டில் க்ளெண்டா அவர் முகத்தைப் பார்க்காமல் உருளைக்கிழங்கை வடித்துக்கொண்டிருந்தாள். காலையில் பேசியது இன்னும் சமையலறையில் நின்றுகொண்டிருந்தது. ஹெட்லி கோட்டைக் கழற்றாமலே அவள் பின்னால் போய் நின்றார்.

"நீ சொல்லல."

"இல்லன்னு காலையிலயே சொன்னேன்."

"நானே சொல்லிட்டேன். கூடம் முழுக்கக் கேக்குற மாதிரி." கொஞ்சம் தயங்கி, "என்ன மன்னிச்சுக்கோ வாத்தே" என்றார்.

அவள் திரும்பி அவர் கோட்டுப் பொத்தான்களைக் கழற்றிவிட்டாள். கடைசிப் பொத்தானில் நிறுத்திக் கேட்டாள். "ஆட்டம்?"

"தோத்துட்டேன். நசுக்கிட்டான்." நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். தட்டைக் கிட்டே இழுத்தார். "அந்த டாரில் ஒரு நாலை அஞ்சுன்னு வாசிச்சிருப்பான். நான் பாக்குறதுக்குள்ள ஒண்ணைத் தள்ளிட்டான்னு நினைக்கிறேன். அடுத்த வாரம் பாக்குறேன் அவன."

க்ளெண்டா எதிரில் உட்கார்ந்து கண்ணை மூடிக் கையைக் கூப்பினாள். சாப்பாட்டு ஜெபம் அந்த வீட்டில் இரண்டு வரிதான். அன்றைக்கு அது முடிகிற வழியாக இல்லை. உருளைக்கிழங்கில் ஆவி அடங்கிக்கொண்டிருந்தது. பசியில் ஹெட்லி ஒரு கண்ணைத் திறந்து பார்த்தார். அவள் உதடு இன்னும் அசைந்துகொண்டிருந்தது. அவர் கண்ணை மூடிக்கொண்டார்.